டெரிக்கின் பெயருக்கு முன்னால்

செய்தி சொன்னவள் மேர்லினின் அக்கா மகள் ரொஷானி. காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன், தொலைபேசி அடித்தது. "அங்கிள், மேர்லின் அன்ரி போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா" என்றாள். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அழுது ஓய்ந்தபின் அவளே இன்னொன்றும் கேட்டாள். "பேப்பருக்கு மரண அறிவித்தல் குடுக்கோணும் அங்கிள். டெரிக் மாமாட பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போடுறதா, விடுறதா? வீட்டில ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. அன்ரியோட வேலை செஞ்சவர் நீங்கதானே, நீங்க சொல்லுங்க." மத்தியானம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நம் ஊர் மரண அறிவித்தல்களில் உயிரோடு இருக்கும் உறவினரின் பெயர் அப்படியே வரும். போனவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' வரும். டெரிக் மேர்லினின் தம்பி. யுத்த காலத்தில் ஒரு நாள் காலை வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அவனைப் போன்றவர்களுக்கு அந்த அறிவித்தலில் ஒரு சொல்லும் கிடையாது.

நினைவஞ்சலியில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு அது வராது. மேர்லின் என்னைவிட இளையவள், முதல் நாளிலிருந்தே என்னை அண்ணன் என்றவள். எனக்குப் பிறகு போயிருக்க வேண்டியவள். ஆகவே அவள் என்றே எழுதுகிறேன், அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் இருவரும் வேலை செய்தோம். பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வீட்டார் வந்து சொல்வதை நான் தமிழில் எழுதுவேன். மேர்லின் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வாள். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் பறங்கிப் பாஷை, தெருவில் எங்களைப் போலத் தமிழ், ஆங்கிலம் சொல்லவே வேண்டாம். நான் செங்கலடியிலிருந்து பஸ்ஸில், ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறங்கி ஏறி, எரிச்சலோடு வந்து சேருவேன். வந்து உட்காரும் முன்பே சண்டையைத் தொடங்கிவிடுவாள்.

"உங்கட 'குறிப்பிட்டார்' பெரிய சாக்கு அண்ணன். மென்ஷன், ஸ்டேட், ஸ்பெசிஃபை எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுக் கட்டிர்றீங்க."

"எல்லாம் ஒண்டுதானே புள்ள?"

"ஒண்டா? சந்தைக்குப் போய் 'மீனும் வேணும்' எண்டு போற போக்கில சொன்னா அது மென்ஷன். கொடுவா மீன் எண்டு சொன்னா ஸ்பெசிஃபை. அந்தா, அந்த வாலறுந்த கொடுவா எண்டு அதையே பிடிச்சுக் காட்டினா ஐடென்டிஃபை."

"ஸ்டேட்?"

"நாறின மீனை வித்துப்போட்டான் எண்டு பொலிஸில போய்ச் சொல்றது. சொன்ன சொல்லுக்கு நீங்கதான் பொறுப்பு நிக்கோணும்."

சிரித்துவிட்டேன். இந்த வாய்க்காரியோடு எப்படிக் காலந்தள்ளுவது என்றும் நினைத்தேன்.

பெரியகல்லாற்றிலிருந்து பரமேஸ்வரி வந்த நாளில் அந்தச் சிரிப்பு போயிற்று. அவளுடைய கணவன் வாவியில் வலை வீசுபவன். இராணுவத்தினர் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடத்தியிருக்கிறார்கள். ஜீப்பில் தலையாட்டி இருந்தான். சாக்கால் முகத்தை மூடிய அந்த ஆள் எவனைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். "தலையாட்டி எண்ட மனிசனைக் காட்டிக் குடுத்துட்டான் ஐயா" என்று பரமேஸ்வரி அழுதாள். நம் சனம் எல்லாருமே அப்படித்தான் சொல்லும். எங்கள் அலுவலகத்திலும் அதற்கு ஒரே சொல்தான் வழக்கம்: ஐடென்டிஃபை.

மேர்லின் தட்டச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "அக்கா, அவன் உங்கட மனிசன்ட பேரைச் சொன்னானா?"

"இல்ல."

"கையை நீட்டினானா?"

"தலைய ஆட்டினான்."

"அந்த நேரம் உங்கட மனிசனுக்குப் பக்கத்தில வேற ஆர் நிண்டாங்க?"

பரமேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னகா கேக்கிறா இவ? எண்ட மனிசனக் கொண்டு போயிட்டாங்க. முன்னும் பின்னும் ஊரே நெருக்கி நிண்டது, அதில பக்கத்தில நிண்டவன்ட கணக்கா வேணும் இவவுக்கு?"

நானும் மேர்லினை முறைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அண்ணன், ஐடென்டிஃபை எண்டு அடிச்சா, இவர் இயக்கத்து ஆள்தான், சரியா அடையாளம் கண்டுட்டாங்க எண்டு நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. காட்டிக் குடுக்கிறதெண்டா, காட்டிக் குடுக்க ஏதும் இருக்கோணுமே? சாக்குக்குள்ள ஒரு தலை ஆடினது. அவ்வளவுதான் இவ கண்டது. கண்டதை மட்டும் போடுவம்." அப்படியே போட்டாள். பேர் சொல்லவில்லை, கை நீட்டவில்லை, நெருங்கி நின்றவர்கள் பலர் என்பதையும் சேர்த்தாள். அதன்பின் எங்கள் அலுவலகத்தில் எவரும் அந்தப் பழைய சொல்லைத் தட்டவில்லை.

அந்த மனிதர் திரும்பி வந்தார். பரமேஸ்வரி ஒரு பை இறாலோடு வந்து மேர்லினின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் பெருமையாக, "எல்லாம் உன்ட ஒரு சொல்லால வந்தது புள்ள" என்றேன். "அது உங்களுக்குத் தெரியாது அண்ணன். தெரியாததைச் சொல்லாதீங்க" என்று வெட்டிவிட்டாள். இறாலை மட்டும் பாதி எனக்குத் தந்தாள்.

பிறகு டெரிக். தச்சு வேலைக்காரன், வாய் ஓயாமல் பாடுகிற பொடியன். கல்குடாவில் ஒரு வீட்டுக்குக் கூரை வேலை என்று சைக்கிளில் போனான். சைக்கிள் வாழைச்சேனைப் பக்கம் வேலியோரம் கிடந்தது. அவனைக் காணவில்லை. மேர்லின் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, தன் கதிரையை விட்டுவிட்டு, பரமேஸ்வரி அன்று இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். "எழுதுங்க அண்ணன்" என்றாள். பேனையை எடுத்தேன். அவள் மற்றவர்களிடம் கேட்கிறமாதிரியே கேட்டேன்.

"கடைசியா எப்ப கண்டீங்க?"

"காலையில. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனான்."

"என்ன நிறச் சட்டை?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு அழத் தொடங்கினாள். அவள் அழுது அதற்கு முன்பு நான் கண்டதில்லை.

"நீலம் எண்டு சொல்ல வாய் வருது அண்ணன். அவனுக்கு நீலம்தான் பிடிக்கும். ஆனா நான் காணல்ல. அடுப்படியில நிண்டன். 'அக்கா, வாறன்' எண்டான். திரும்பிப் பாக்காமலே கதவைச் சாத்திட்டுப் போ எண்டன்."

"நீலம் எண்டு போடுவமே புள்ள. என்ன குறைஞ்சிரும்?"

"நீலச் சட்டைக்காரனைத் தேடுவாங்க. அவன் வேற சட்டையோட எங்கயும் இருந்தா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் தேடப் போகிறார்கள் அம்மா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. 'சட்டையின் நிறத்தை நான் காணவில்லை' என்று எழுதினேன். மறுநாள் அதை ஆங்கிலத்தில் தட்டியவளும் அவள்தான். என்ன பாவம் செய்தோமோ, அப்படி ஒரு நாளையும் கடந்தோம்.

டெரிக் வரவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அரசாங்கத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தது. உறவினர்களும் எடு என்றார்கள். "அவன் செத்ததை ஆர் கண்டது? கண்ட ஆளைக் கூட்டி வாங்க, கையெழுத்து வைக்கிறன்" என்றாளாம். பிடிவாதக்காரி என்று ஏசினார்கள். நானும் ஒருமுறை, மனதை ஆற்றிக்கொள் தங்கச்சி என்றேன். "ஆறினாப் பிறகு அவன் வந்தா, அண்ணன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மத்தியானம் ரொஷானிக்கு அழைத்தேன். "பேரை மட்டும் போடு மகள். முன்னால ஒண்டும் வேணாம்."

"ஆக்கள் கேப்பாங்களே அங்கிள், உயிரோட இரிக்காரா எண்டு?"

"கேட்டா, நாங்க காணல்ல எண்டு சொல்லு."

மறுநாள் பத்திரிகையில் 'டெரிக்கின் அன்பு அக்காவும்' என்று வந்தது.

அன்றே அடக்கம். சாவு வீட்டில் எல்லாரும் ஒரு நொடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினார்கள். நான் விலகவில்லை. பின்னால் நின்றவர் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும். வெள்ளைச் சட்டை, கழுத்தோரம் சின்னச் சின்ன நீலப் பூ. வலது கையில் மரமணிச் செபமாலை. தலைமயிரை நடுவகிடெடுத்து வாரியிருந்தார்கள். அவள் இடப்பக்கம் எடுப்பவள், ரொஷானியிடம் சொன்னேன், சீப்பு எடுத்து வந்து மாற்றினாள். பெட்டியை மூடும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மேர்லின் எனக்குத் தந்துவிட்டுப் போனது இந்தப் பார்வைதான். டெரிக் என்றாவது வந்து, அக்கா கடைசியாக என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால், என்னால் சொல்ல முடியும்.