சுவரில் இருந்த ரஹ்மத் அக்கா

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் காலையில் வந்த செய்தி இது: "நமது மெடிக்கல்ஸ் பார்மசிஸ்ட் மேடம் நேற்று காலமானார். ஆழ்ந்த இரங்கல். கடை வழக்கம்போல் திறந்திருக்கும்." அனுப்பியவர் கடை உரிமையாளர் தனசேகர். சட்டப்படி, முதல் வாக்கியம் உண்மையானால் மூன்றாவது வாக்கியத்துக்கு இடமில்லை. பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாத கடையில் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. குழுவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பலர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர் இன்சுலின் ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

அஸ்தினாபுரத்தில் ரஹமத்துன்னிசா என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ரஹ்மத் அக்கா என்றால் தெரியும். வெள்ளைக் கோட்டும் தலையில் துப்பட்டாவுமாக கவுன்டரில் நிற்பார். அவருக்குப் பின்னால், சுவரில், ஃபிரேம் போட்ட சான்றிதழில் இன்னும் இளமையாக ஒரு ரஹ்மத் அக்கா இருப்பார். ஓர் ஆயுத பூஜையன்று கடைப் பையன்கள் சாமி படங்களோடு சேர்த்து அதற்கும் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டார்கள். மருந்து வாங்க வந்த அம்மாள் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "யாருமா இது, ஓனரு அம்மாவா? எப்போ தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"ஒன்பது மணி வரைக்கும் இருப்பாங்கமா. அப்புறம்தான் போவாங்க" என்றார் அக்கா, மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே.

அந்தச் சுவரில் ஏற அவர் மருந்தியல் டிப்ளமோ படித்தார், ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தார், மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தார். அந்தப் பதிவைக் காலாகாலத்தில் புதுப்பித்துக்கொண்டும் இருந்தார். மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அவருடைய தம்பி மகன் நட்டு முடுக்குகிறான். அவன் சம்பளம் அக்காவின் சம்பளத்தைவிட அதிகம். நட்டு முடுக்க அரசாங்கம் லைசென்ஸ் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அவன் சம்பளமும் குறைந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

ஒருமுறை அவர் சம்பள உயர்வு கேட்டபோது நான் கடையில் இருந்தேன். தனசேகர் கெட்ட மனிதர் இல்லை. நியாயமாகத்தான் பேசினார். "அக்கா, அடுத்த தெரு கடைல பார்மசிஸ்டே வர்றதில்ல, சர்டிபிகேட் மட்டும் தொங்கிகினு கீது. அவங்களுக்கும் இதே காசுதான். நீங்களும் வூட்ல ரெஸ்ட் எடுங்களேன், நான் வேணாம்னா சொல்றேன்?"

"வந்தா சம்பளம், வராட்டா சர்டிபிகேட்டுக்கு வாடகை. ரெண்டும் ஒரே காசுன்னா நான் ஏன் வரணும்னு கேக்குறீங்க, அதானே தம்பி?"

"ஆமாக்கா."

"என் பேரு இங்க இருக்குல்ல. அதைத் தனியா வுட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

உயர்வு கிடைக்கவில்லை. மறுநாளும் வந்தார்.

அடுத்த தெருக் கடையைப் பற்றி அவருக்குப் பொறாமை இல்லை, மரியாதைதான். சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வந்த இளைஞன் ஒருவனிடம் முடியாது என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவன் மாத்திரைப் பொட்டலத்தோடு இந்த வாசல் வழியாகவே, எங்களுக்குக் காட்டிக்கொண்டு போனான். அக்கா என்னிடம் சொன்னார்: "அங்க இருக்குற மேடம் ரொம்ப நல்லவங்க சார். யாருக்கும் எதையும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. ஃபிரேமுக்குள்ளயே சிரிச்சிட்டு இருப்பாங்க."

அவருடைய மகள் சபீனாவும் இப்போது அதே டிப்ளமோதான் படிக்கிறாள். கட்ட முடிந்த ஃபீஸுக்குக் கிடைத்த படிப்பு அது. "நல்லா படி. ஆஸ்பத்திரிக்குப் போ, கம்பெனிக்குப் போ. எங்க வேணாலும் போ, சுவத்துல மட்டும் ஏறாத" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எதையாவது வற்புறுத்திக் கேட்டிருப்பாரென்றால் அது இதுதான்.

துக்கம் விசாரிக்கப் போனபோது, அம்மாவின் சான்றிதழைத் திரும்ப வாங்க வேண்டும், கூட வர முடியுமா அங்கிள் என்று சபீனா கேட்டாள். போனோம். நம் வீடுகளில் ஒருவர் போன பிறகுதான் படம் சுவரில் ஏறும். மருந்துக்கடைச் சுவரிலிருந்தோ, போனதும் படத்தை இறக்கிவிட வேண்டும். அக்காவின் படம் இறங்கவில்லை. தனசேகர் அவளைப் பார்த்ததும் உண்மையாகவே அழுதார்.

"அம்மா சர்டிபிகேட்டை எடுத்துக்கலாம்னு வந்தேன் அண்ணா."

"இன்னாமா அவசரம்? இத எடுத்தா நாளைக்கே கடைய மூடணும். புது ஆளு சுலபத்துல கிடைக்க மாட்டேங்குது. நீ பாஸ் பண்ணிட்டு வர்ற வரைக்கும் அம்மா இருக்கட்டும்."

கவுன்டரில் நின்ற கௌரி பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருபவள். "பாப்பா, கட மூடிட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள். அதிகாரிகளுக்கு எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. எழுதினால் முதலில் வீட்டுக்குப் போகிறவள் கௌரி.

சபீனா சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "எனக்கு எவ்ளோ தருவீங்க?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்குக் குடுத்ததுதான். உனக்குன்னு ஒரு ரூபா கொறைப்பேனா?"

சபீனா வெறுங்கையோடு படியிறங்கினாள். நான் அவள் பின்னால் திரும்பும்போது, நான் மாதாமாதம் வாங்கும் ரத்த அழுத்த மாத்திரையைக் கௌரி பழக்கத்தில் எடுத்து, பில்லோடு நீட்டினாள். நானும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டேன்.

ரஹ்மத் அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பில்தான். அதன் அடியில், பொறுப்பு மருந்தாளுநர் என்ற இடத்தில், ரஹமத்துன்னிசா என்று அச்சாகியிருக்கிறது. தேதி, அவரை அடக்கம் செய்து நான்காம் நாள். மாத்திரை தினமும் ஒன்று வீதம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது.