ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் லேபிள்

பிளாஸ்திரியை உரித்து நாணயப் பெட்டியின் நெற்றியில் இருந்த லேபிள்மேல் ஒட்டியாயிற்று. "இப்ப சொல்லு, உள்ள என்ன இருக்கு?" என்கிறார் யோக் செங். பெட்டியை நீட்டியவர் திருதிருவென்று விழிக்கிறார். ஒரு நிமிடம் முன்புவரை அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது: எந்த ஆண்டு, எந்த ரகம், தரத்துக்கு எழுபதில் எத்தனை மதிப்பெண். எல்லாம் லேபிளில் இருந்தது. இப்போது கையில் ஒரு வட்டத் தகடுதான் மிச்சம்.

மலேசியாவின் ஈப்போ நகர ஞாயிற்றுச் சந்தையில் லாவ் யோக் செங்கைத் தெரியாத நாணயப் பைத்தியம் கிடையாது. அறுபத்தொரு வயதுப் பெண்மணி. தலையில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் போடும் அகலத் தொப்பி. இடுப்புப் பையில் எப்போதும் ஒரு பெட்டி பிளாஸ்திரி. காயத்துக்கென்று அதை அவர் எடுத்து யாரும் பார்த்ததில்லை. விரலில் ரத்தம் வந்தால் வாயில் வைத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்ப்பார்.

நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, தரம் பார்த்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, மேலே லேபிளோடு திரும்ப வாங்குவது இப்போது எல்லோருக்கும் வழக்கம். புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு அந்தப் பெட்டியில் வந்தது எல்லாம் சத்தியம். யோக் செங்குக்கோ லேபிள் என்றாலே ஆகாது. இதற்கு முன் பதினோரு ஆண்டுகள் அவர் சோயா சாஸ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டியவர்.

"ஒட்டுறது யாரு? மனுஷங்கதானே? பன்னெண்டு மணி ஆச்சுன்னா வயிறு கத்தும். ஒரு நாள் உப்பு சாஸ் பாட்டில்ல எல்லாம் இனிப்பு சாஸ் லேபிளை ஒட்டித் தள்ளிட்டேன். நானூறு பாட்டில்! எத்தனை வீட்டுல மீன் சமையல் கெட்டுச்சோ, யாருக்குத் தெரியும்?" இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் மருந்துக்கும் இருக்காது.

இவ்வளவு பேசுகிறவரும் ஏமாந்தவர்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், லேபிளில் 1971 என்று போட்ட ஓர் இருபது சென் நாணயத்தை ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்டுக்கு வாங்கினார். அந்த ஆண்டு நாணயம் சுலபத்தில் அகப்படாது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தால் உள்ளே இருந்தது 1977. அது கூப்பிட்டால் வரும், அவ்வளவு மலிவு. தரம் பார்த்த கம்பெனிக்கு எழுதினார். கண்ணால் பார்த்தாலே தெரிகிற லேபிள் அச்சுப் பிழைக்கு எங்கள் உத்தரவாதம் செல்லாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. விற்ற ஆள் அதற்குள் தொலைபேசி எண்ணையே மாற்றியிருந்தான்.

அந்தப் பெட்டி அன்றிலிருந்து அவர் மேசையில், 'விற்பனைக்கு இல்லை' என்ற அட்டையோடு இருந்தது. புதியவர்களுக்குப் பாடம் நடத்தத்தான் என்பார். அது பாதி உண்மை. என்றைக்காவது ஒரு முட்டாள் வந்து அதே பணத்தைக் கொட்டிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போவான் என்ற ஆசையும் உள்ளுக்குள் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன ஞாயிறு அந்த முட்டாள் வந்தான். பெயர் ஃபைருஸ். கைபேசி பழுதுபார்ப்பவன். நாணயம் சேர்க்க ஆரம்பித்து நாலே மாதம்.

"ஆண்ட்டி, எழுபத்தொண்ணு! எவ்வளவு?"

"விக்கிறதுக்கு இல்ல. லேபிள் தப்பு. உள்ள இருக்கிறது எழுபத்தேழு."

அவன் எல்லாம் தெரிந்தவன்போலச் சிரித்தான். விற்க மனமில்லாதவர்கள் இப்படித்தான் கதை விடுவார்கள் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறானாம். "ஆயிரம் தரேன்."

"கண்ணு இருக்குல்ல தம்பி? குனிஞ்சு பாரு."

பார்த்தான். ஏழு ஏழாகத்தான் இருந்தது. "பிளாஸ்டிக் வழியா பார்த்தா ஒண்ணும் ஏழு மாதிரிதான் தெரியும் ஆண்ட்டி. ஆயிரத்து இருநூறு."

"அட, கம்பெனிக்காரனே தப்புன்னு ஒத்துக்கிட்டான்! லெட்டர் வச்சிருக்கேன், காட்டவா?"

"அப்படின்னா லேபிள்ல பிழையா? உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும்! ஆயிரத்து ஐந்நூறு!"

தன் சரக்கை யோக் செங் இத்தனை மட்டம் தட்டியதும் இல்லை, தட்டத் தட்ட அதன் விலை இப்படி ஏறியதும் இல்லை. பக்கத்து மேசையில் பழைய கைக்கடிகாரம் விற்கும் ஆ கியோங் முழங்கையால் இடித்தான்.

"அக்கா, நீ சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. இனிமே பாவம் அவன் தலையில. வித்துத் தொலை."

"நீ வாயை மூடு."

ஃபைருஸ் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். "ஆயிரத்து எண்ணூறு. இவ்வளவுதான் இருக்கு, ஆண்ட்டி."

அதே தொகை. யோக் செங்குக்குக் கை குறுகுறுத்தது, பொய் சொல்வானேன். உறையை எடுத்தே விட்டார். அதன்மேல் பேனாவால் 'வாஷிங் மெஷின்' என்று எழுதி, கீழே 'தொட்டால் தெரியும் சேதி' என்று சேர்த்து, இரண்டு அடிக்கோடும் போட்டிருந்தது. உள்ளே இருப்பதை இவ்வளவு சரியாகச் சொன்ன லேபிளை அவர் பார்த்ததே இல்லை.

"யாரு எழுதினது?"

"பொண்டாட்டி. இப்ப ஏழு மாசம்."

"துணி?"

"கையாலதான் துவைக்கிறா. ஒரே மாசம் ஆண்ட்டி! இதை மூவாயிரத்துக்குத் தள்ளிட்டுப் பெரிய மெஷினாவே வாங்கிக் குடுத்துடுவேன்."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் யோக் செங்கும் தன் புருஷனிடம் இதையேதான் சொல்லியிருந்தார். மூவாயிரம் என்ற தொகைகூட மாறவில்லை. அன்று அந்த மனிதர் தலையை நிமிர்த்தாமல் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. உறையை அவன் சட்டைப்பையிலேயே திணித்தார். ஆ கியோங்கின் மேசையிலிருந்து குறடை எடுத்தார். பெட்டியின் மூலையில் வைத்து ஓர் அழுத்து.

"ஐயோ ஆண்ட்டி!" என்று ஃபைருஸ் அலறினான். ஆ கியோங் கடிகாரக் கூடையைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். பிளாஸ்டிக் மூன்றாகப் பிளந்தது. லேபிளை நான்காகக் கிழித்தபோது யோக் செங்குக்கும் வலிக்கத்தான் செய்தது. ஒன்பது வருட ஆசை, லேசாகவா இருக்கும்?

நாணயத்தை எடுத்து ஃபைருஸின் உள்ளங்கையில் வைத்தார். "இப்ப படி."

அவன் ஆண்டை நகத்தால் தடவிப் பார்த்தான். "எழுபத்தேழு," என்றான், காற்றுப் போன குரலில்.

"இப்ப என்ன விலை தருவ?"

ஃபைருஸ் நாணயத்தை மேசையில் வைக்கப் போனான். காது சிவந்திருந்தது.

"இருபது சென் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போ. நேரா மெஷின் கடைக்குப் போகணும், சொல்லிட்டேன்."

ஃபைருஸ் கால்சட்டைப் பையைத் துழாவி, புழக்கத்தில் இருக்கும் இருபது சென் ஒன்றை எடுத்து நீட்டினான். யோக் செங் வாங்கி இடுப்புப் பையில் போடப் போனார். போடவில்லை. தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆண்டைப் பார்த்தார்.