அத்தை அர்த்தம் சொன்ன சினிமா

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. மற்ற மூன்றும் கொழுந்தன் விட்டுப்போனவை. நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவள். ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

எனக்கு ஒன்பது வயதில் நடந்தது. அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, ஹிந்திப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஹிந்தி சொல்லிக்கொடுக்க வரச்சொல்லிக் கடுதாசி வந்தது. அன்றெல்லாம் அவள் கால் தரையில் பாவவில்லை. அதே வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு வரனும் வந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் உத்தியோகம், இரண்டாம் தாரம். ஹிந்தி தெரிந்த பெண்ணாக இருந்தால் அங்கே பால்காரனோடு பேசத் தோதாக இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாத்தா வரனைப் பிடித்துக்கொண்டார். கடுதாசி பரணுக்குப் போயிற்று. அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாத்தா முடிவு சொன்ன பிறகு பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அந்த நாட்களில் அத்தை ஒரு ஹிந்தி நாவல் படித்துக்கொண்டிருந்தாள். காதல் கதை. மத்தியானம் எல்லாரும் கண் அசரும்போது எனக்கு அதைத் தமிழில் சொல்லுவாள். எனக்கு அது மனப்பாடம். வாய்ப்பாடு வராத மண்டையில் அந்தக் கதை மட்டும் வரி வரியாக நின்றது. அதுவே சினிமாவாகி எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது.

அதே சமயம் மாப்பிள்ளையின் அம்மா நாள் குறிக்க வந்து சேர்ந்தாள். பெண்ணைப் பாடச் சொல்லுவாள் என்று அம்மா ஹார்மோனியத்தைத் துடைத்து வைத்திருந்தாள். அந்த மாமி கையை வீசிவிட்டாள். "பாட்டு எந்தப் பொண்ணும் பாடும். இவ ஹிந்தி எம்மட்டுன்னு பாக்கணும். சினிமாவுக்குப் போலாம், அவ எனக்கு அர்த்தம் சொல்லட்டும்."

மாமிக்கு சினிமாப் பைத்தியம் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

மாட்னி காட்சி. பெண்கள் பக்கத்து பெஞ்சில் அம்மா, மாமி, அத்தை, ஓரத்தில் நான். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. மூட்டைப்பூச்சி ஒரு பக்கம், தெரிந்த கதையை வாயில் அடக்கி வைத்திருக்கிற அவஸ்தை ஒரு பக்கம். இத்தனை தெரிந்த என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்ற எரிச்சல் வேறு. அத்தைக்கும் அன்று நிலைகொள்ளவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவாள், பிரிப்பாள், மறுபடி சுருட்டுவாள். ஆனால் அர்த்தம் மட்டும் தடங்கலில்லாமல் சொன்னாள். மாமி அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டியபடி இருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கட்டம். கதாநாயகி ஒரு வயதான அம்மாளின் காலடியில் உட்கார்ந்து, தலை குனிந்து ஏதோ சொல்லுகிறாள். அத்தை சுருட்டுவதை நிறுத்தினாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்கறா, மாமி. பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் கொடுக்கணும்கறா. எங்கப்பா கிட்ட சொல்ல எனக்கு வாய் வராது, நீங்களே ஏதாவது காரணம் சொல்லி வேண்டாம்னுடுங்கோங்கறா."

மாமி திரையை உற்றுப் பார்த்தாள். "சிரிச்சுண்டேன்னாடீ சொல்றா?"

"சிரிக்காம சொன்னா யார் கேக்கறா, மாமி?"

மாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். அதன் பிறகு அவள் திரையைப் பார்க்கவில்லை. அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்:

"அதுக்கு அந்தக் கிழவி என்ன சொல்றா?"

அத்தை வாயெடுக்குமுன் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அத்தை தப்பாச் சொல்றா, மாமி. இந்த எடத்துல அவ 'எனக்குப் பூர்ண சம்மதம்'னுதான் சொல்லுவா. பள்ளிக்கூடமே இந்தக் கதையில கிடையாது. வேணும்னா புஸ்தகத்தைப் பாருங்கோ."

அம்மா சிரித்துவிட்டாள். "கேட்டேளா, இத்துனூண்டு என்ன பேச்சுப் பேசறதுன்னு."

மாமி கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள். சிரித்தபடியே அத்தையின் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து அத்தையின் மடியிலேயே வைத்தாள். மீதிப் படம் முழுக்க அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாமி கேட்கவும் இல்லை. அன்று விளக்கேற்றியதும் தை மாதத்தில் நாள் குறித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தை என் தலையைத் தடவி, "உனக்குக் கதை நன்னா ஓர்மை இருக்குடீ" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பம்பாயிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் எனக்கு ரிப்பன் கொண்டுவருவாள், வளையல் கொண்டுவருவாள். கதை மட்டும் சொன்னதில்லை. என்னைக் கோபித்ததும் இல்லை. பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் சொல்லவில்லை என்றே வெகுகாலம் நினைத்தேன்.

மாமி அன்று வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா? ஜாதகம் இடிக்கிறது என்று ஏதாவது சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருப்பாளோ என்னவோ. அவளை யோசிக்க நான் விடவில்லை. என் பெண்கள் ஒருத்திக்கும் அவளைக் கேட்காமல் நாள் குறிக்க நான் சம்மதிக்கவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. அது அத்தைக்கு உதவவில்லை.

குழந்தே, கழக்கூட்டத்துக்கு ஆபீஸ் பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது. இதைக் கொஞ்சம் படித்துக் காட்டு. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பேரன் நீ, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், பரவாயில்லை. அத்தை மாமியிடம் சொல்லுகிற இடத்தை மட்டும் நிறுத்தி, நிதானமாகப் படி. நான் குறுக்கே பேச மாட்டேன்.