மன்னிப்புக் கேட்க வந்தவர்

வெளிநாட்டு சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றுக்கு நான் தமிழில் வசனம் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. நல்லம்பள்ளியில் அக்காவின் தையல் கடைக்குப் பின்னறைதான் என் அலுவலகம். சென்னையிலிருந்து காட்சிகள் வரும். நடிகரின் வாய் அசைவுக்குப் பொருந்துகிற மாதிரி எழுதி, உரக்கப் படித்துப் பார்த்து அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு துணித்திரை மட்டுமே. மெஷினை மிதித்துக்கொண்டே அக்கா முழுக் கதையையும் கேட்டு வந்தாள்.

அதில் ஒருவன், தொட்டால் இரும்பை உருக்குகிறவன். தன் கூட்டத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்து, உள்ளிருந்த ஆட்களோடு ஒரு மருத்துவமனை இடிந்து விழக் காரணமானவன். கடைசியில் மனம் மாறித் திரும்பி வந்து நண்பர்களைக் காப்பாற்றுகிறான். எல்லோரும் அவனைக் கட்டிக்கொள்கிறார்கள். "என்னை மன்னிச்சிருங்க" என்று எழுதி ஏற்ற இறக்கத்தோடு படித்துப் பார்த்தேன். மெஷின் நின்றது.

"யாருகிட்ட கேக்கறான்?" என்றாள் அக்கா.

"அவன் டீம்காரங்ககிட்டக்கா."

"ஆசுபத்திரில செத்தாங்களே, அவங்க வூட்டுக்காரங்ககிட்ட?"

"அவங்க கதையில வர்றதே இல்ல."

"அப்ப அவன் திருந்தல. சேந்துக்கிட்டான், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

அக்கா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அப்பா இறந்தபின் எங்களுக்கு எல்லாம் தாய்மாமன்தான். அக்கா பத்தாவது படிக்கும்போது, பதினெட்டு முடிந்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லி, அவளைவிட இரு மடங்கு வயதான ஒருவருக்குக் கட்டிவைத்தார் மாமா. அக்கா பரீட்சை எழுதவில்லை. அந்தக் குடும்பத்தில் பட்ட அடிகளைப் பற்றி அவள் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. ஒருநாள் பையோடு திரும்பி வந்தாள், தையல் கற்றாள், கடை போட்டாள். என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தவள் அவள். மாமாவோடு பேச்சுவார்த்தை அறுந்து போயிருந்தது.

அவர் அந்த வருடம் மாலை போட்டு மலைக்குப் போய் வந்திருந்தார். குடியை விட்டுவிட்டார் என்று ஊரில் பேச்சு. ஒரு காலை நேரம், வாழைப்பழச் சீப்போடு கடை வாசலில் வந்து நின்றார். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"என்ன மன்னிச்சிரு கண்ணு" என்றார்.

"எதுக்குங்க மாமா?"

"அப்ப நடந்ததுக்குத்தான்."

"என்ன நடந்துச்சு? சொல்லுங்க."

மாமா தடுமாறினார். என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டே, "உனக்குப் பதினஞ்சு வயசுன்னு தெரிஞ்சேதான் கட்டி வச்சேன். நீ அழுத. நான் கேக்கல" என்றார். தொடராக இருந்தால் இந்த இடத்தில் இசை எழும்பியிருக்கும்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "உங்க பேத்திக்கு ஏரியூர்ல மாப்பிள்ள பாத்திருக்காங்களாமே. ப்ளஸ் ஒன் படிக்கிற புள்ள. இங்க வந்து அழுதுட்டுப் போச்சு."

"அது எம்மவன் முடிவு. நான் என்ன பண்ண முடியும்?"

"எனக்கு முடிவு பண்ணப்ப முடிஞ்சுதில்லீங்க? மன்னிப்பெல்லாம் அப்பறம். மொதல்ல அதப் போயி நிறுத்துங்க."

பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு மாமா போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அக்கா மட்டும் வேறு மாதிரி யோசித்திருந்தாள். "அவரு செய்யலன்னா நாமளே புகார் குடுப்போம். ஆனா மொதல்ல அவருதான் செய்யணும்" என்றாள்.

இதற்கிடையில் நான் அந்த மன்னிப்புக் காட்சியை மாற்றிப் பார்த்தேன். "செத்தவங்களுக்கு நான் என்ன சொல்வேன்?" என்று எழுதி அனுப்பினேன். வாய் அசைவுக்குப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சண்டை போட்டும் பலனில்லை. பழைய வசனமே போனது.

நிச்சயத்தன்று நடந்ததை அந்தப் பெண்ணே பின்னால் எங்களிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் மாமா எழுந்து நின்றிருக்கிறார். "பொண்ணுக்குப் பதினாறுதான் ஆவுது. இதுக்கு மேல தட்ட மாத்துனா மொத ஆளா நான்தான் போலீசுக்குப் போவேன்" என்றிருக்கிறார். வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மகன் அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான்.

சாயங்காலம் மாமா ஒரு துணிப்பையோடு எங்கள் கடைக்கு வந்தார். மேல்பித்தான் அறுந்து தொங்கியது. அக்கா தட்டில் சோறு போட்டு வைத்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க மாமா. சாப்புடுங்க."

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

மாமாவின் மகன் தன் பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்த்தான். மாமா தினமும் காலையில் எங்கள் வீட்டிலிருந்து அதியமான்கோட்டைக்குப் போய், மகன் வீட்டின் எதிரே நிற்பார். உள்ளே போகமாட்டார், பேசமாட்டார். பேத்தி பையோடு வெளியே வந்து பஸ் ஏறும்வரை நிற்பார். மகன் திட்டுவான், கதவைச் சாத்துவான். முதல் சில நாட்கள் அவள் வரவேயில்லை. அப்போதும் மதியம்வரை வெயிலில் நின்றுவிட்டுத்தான் திரும்பினார். தெருவே பார்க்க ஆரம்பித்ததும் மகனால் தாங்க முடியவில்லை, அனுப்பினான். ப்ளஸ் டூ முடியும்வரை மாமா ஒருநாள்கூட நிறுத்தவில்லை.

அந்தப் பெண் இப்போது தர்மபுரியில் கல்லூரியில் படிக்கிறாள். மாமா எங்களோடுதான் இருக்கிறார். கடையில் தைக்கும் ரவிக்கைகளுக்கு ஊக்கு வைத்துத் தைக்கப் பழகிக்கொண்டார். போன மாதம் ஊக்கு வைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"ஏங்கண்ணு, இன்னும் எம்மேல கோவமா?"

"ஆமாங்க மாமா" என்றாள் அக்கா, நிமிராமலே.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ரவிக்கையை எடுத்து மடியில் விரித்தார்.