பாட்டு குறைந்தால் படி குறையும்

மேடைக்கு மரவேலை செய்கிறவனுக்குப் பாட்டு தெரிய வேண்டியதில்லை. ஆனால் எங்கோ ஒருவர் பாட்டைத் திருத்தினால் இவன் ரம்பத்தை எடுக்க வேண்டும். முடித்த வேலையைப் பிரித்துச் செய்தவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

பத்தொன்பது

அமெரிக்க இசை நாடகம் ஒன்றுக்காக, வளைகுடாவில் அல் கூஸ் தொழிற்பேட்டையிலுள்ள எங்கள் பட்டறையில் கலங்கரை விளக்கப் படிக்கட்டு ஒன்று செய்தோம். கதாநாயகி கீழே பார்க்காமல், பாடிக்கொண்டே ஏற வேண்டும். உச்சித் தளத்தில் கால் வைக்கும்போது பாட்டு முடியும். நான் செய்தது பத்தொன்பது படி. மூன்று நாள் நாடகம். மூன்று நாளும் திரைக்குப் பின்னால் நின்று எண்ணினேன். பிசகவே இல்லை. “பாட்டை எங்க கேட்டாரு, அண்ணன் காலைத்தானே பாத்தாரு!” என்றான் கூட வேலை செய்யும் தஞ்சாவூர் செல்வம்.

பதினான்கு

அடுத்த வருடம் அதே நாடகம், அதே பாடகி. இடையில் இசையமைத்தவர் பாட்டைச் சுருக்கிவிட்டார். ‘பதினான்கு படி’ என்று தாள் வந்தது. மேடையேறிய பாட்டை ஏன் திருத்துகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. “பூட்டின கதவை நீங்க அஞ்சு தடவ இழுத்துப் பாக்கலியா? அவரும் உங்கள மாதிரிதான்ணே” என்றான் செல்வம்.

விழுந்தது

ஒத்திகையில் பாடகி பதினான்காவது அடியோடு பாட்டை முடித்து, தளம் வந்துவிட்டதென்று நேராக நடந்தார். விளிம்பில் கால் இடித்து முழங்காலில் விழுந்தார். நாடகக்காரர்கள் இந்தத் தடவை தளத்தையும் ஒரு படியாக எண்ணியிருக்கிறார்கள், தச்சன் எண்ணுவதில்லை. மறுநாள் முதல் காட்சி. அவர் இனி ஏறுவாரா என்றே எல்லோருக்கும் சந்தேகம்.

“தாள்ல உள்ளபடிதானே செஞ்சோம், பேசாம இருங்க” என்று செல்வம் தடுத்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. கீழ்ப்படியைக் கழற்றி, படிக்கட்டைத் தாங்கும் மரக்கால்களை ஒரு படி உயரம் அறுத்து இறக்கினோம். பிறகு செல்வத்தை மொழிபெயர்க்கச் சொல்லிப் பாடகியிடம் போனேன். முழங்காலில் ஐஸ் வைத்திருந்தார். “தளத்தோடா, இல்லையா என்று கேட்காமல் வெட்டியது என் தப்பு” என்றேன். அவர் என்னை மேடைக்கு அழைத்துப்போய், அத்தனை பேர் முன்னால் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறச் சொன்னார். கூச்சத்தில் காது சுட்டது. தளத்தோடு பதினான்கு. பின்னாலேயே ஏறி வந்தவர் சொன்னார்: “நாளைக்குப் பாடுகிறேன். ஆனால் நாளைக்கும் முதலில் நீங்கள் ஏறிக் காட்ட வேண்டும்.”

பதினேழு

இந்த வருடம், வெட்டிய பாட்டில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது: பதினேழு படியாம். மரத்தைத் தொடுவதற்கு முன் கேட்டு அனுப்பினேன்: தளத்தோடா, தளம் இல்லாமலா? பாட்டின் முடிவு எந்த அடியில்? இசையமைத்தவரே பதில் போட்டார்: “நல்ல கேள்வி. அந்த முடிவை இன்னொரு தடவை பார்க்கிறேன், அதுவரை எதையும் வெட்ட வேண்டாம்.”

கேட்காமல் வெட்டினால் ஆள் விழுகிறார். கேட்டால் பாட்டே மாறுகிறது.