எண்பது நிமிட ஆட்டமும் இரண்டு எக்ஸ்ரே படங்களும்

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரக்பி ஆடவும், கூடவே ஒரு திருட்டு வேலைக்காகவும் நானும் செல்வராஜும் போனது 1961 தை மாதம். இருவரும் எட்டு வருஷமாகச் சுரங்கத்தில் பாறை துளைப்பவர்கள், சுரங்க அணியின் ஆட்டக்காரர்கள். திருட்டு வேலை என்றது எக்ஸ்ரே. அவனுக்கு இரண்டு மாதமாக இருமல். சுரங்க ஆஸ்பத்திரியில் நெஞ்சில் பாறைத் தூசி படிந்திருக்கிறது என்று எழுதிவிட்டால் கீழே இறங்கும் வேலை போகும், அதற்கான கூடுதல் சம்பளமும் போகும். அதனால்தான் வெளியூர் டாக்டர்.

தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் காலை ஆறு மணி ரயில். பெங்களூர் கன்டோன்மென்ட் வரை அறுபது மைல் சொச்சம், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் எழுபது நயா பைசா. வழியெல்லாம் செல்வராஜ் முரண்டு பிடித்தான்.

“எம்பது நிமிஷம் ஓடறேன். எனக்கு எங்கடா தூசி? சும்மா பயமுறுத்தாத மச்சான்.”

எங்கள் அணியில் எல்லோருக்கும் இதே எண்ணம்தான். ஆட்டத்தில் தாக்குப்பிடித்தவன் நெஞ்சு சுத்தம் என்று நாங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்வோம். ரக்பியால் நன்மை இல்லாமல் இல்லை. ஆடிய நாளில் சோறு இறங்கும், தூக்கம் வரும், ஷிப்டில் ஏறிய கோபம் மைதானத்திலேயே தீரும். விரலும் விலாவும் உடைவது தனி.

ஆஸ்டின் டவுன் கிளினிக்குக்கு ஜட்கா வண்டியில் அரை மணி. தனியாகச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அவன் அடம்பிடித்ததால் நானும் படம் எடுத்துக்கொண்டேன். மாலை நான்கு மணிக்கு ஆட்டம். தோற்றோம். மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செல்வராஜைக் காட்டி என்னிடம் சொன்னார்.

“இவருக்கு வெறும் சளிதான். உங்களுக்குத்தான்பா தூசி ஏறியிருக்கு. இனி கீழ எறங்காதீங்க.”

முந்தின நாள் நானும்தான் முழு ஆட்டம் ஓடியிருந்தேன்.

நான் மேல்தளப் பட்டறைக்கு மாற்றல் வாங்கினேன். சம்பளம் குறைந்தது, ரக்பி நின்றது. செல்வராஜ் தன் எக்ஸ்ரேயைச் சட்டம் போட்டு இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். இன்னொரு தடவை எடுடா என்றால் சுவரைக் காட்டுவான். “அதான் மாட்டியிருக்கேன்ல!” ஏழு வருஷம் கழித்து, ஒரு ஆட்டத்தின் பாதியில் மூச்சு கிடைக்காமல் உட்கார்ந்தான். அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டான்.

பெங்களூர் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கன்டோன்மென்டில் இறங்கினால் ஆஸ்டின் டவுனுக்கு ஆட்டோ பிடியுங்கள், நடக்க முடியாத தூரம். தூசியில் வேலை செய்பவரானால் தாராளமாக விளையாடுங்கள், ஆனால் வருஷா வருஷம் படம் எடுங்கள். செல்வராஜை இன்னொரு முறை ரயிலேற்ற எனக்கு ஏழு வருஷம் இருந்தது. நான் ஏற்றவில்லை.