மச்சினன் வச்ச ஹெட்லைட்டு

கார் ஹெட்லைட்டு சரி பண்ற பொழப்புல ஒரு சங்கடம் என்னன்னா, ஒழுங்கா வச்சா ஒருத்தனும் பாராட்ட மாட்டான், கொஞ்சம் ஏறிப் போச்சுன்னா எதிர்ல வர்றவன் பூராப் பேரும் நம்ம வம்சத்தையே இழுப்பான். வில்லாபுரத்துல பத்தொம்பது வருசமா ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன். கடை வாசல் ரோட்டோரம். சமதளமும் கிடையாது, எதிர்ல சுவரும் கிடையாது. அதனால இந்த வேலைக்கு மட்டும் பொழுது சாயுற நேரமாப் பார்த்து கஸ்டமர் வீட்டுக்கே போயிருவேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்த ஏரியாவுல வீட்டுக்குப் போய்ச் செய்யிற ஆளு நான் ஒருத்தன்தான். அப்பத்தான் எங்க வீட்டம்மாவோட தம்பி பாண்டி சென்னையில பார்த்த சர்வீஸ் சென்டர் வேலையை விட்டுட்டு மதுரைக்கே வந்தான். கடை கிடையாது, ஒரு பைக்கும் ஒரு பையும்தான். சொந்தக்காரன் தொழில் போட்டிக்கு வந்து நின்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. இல்லைன்னா நீங்க கொடுத்து வச்சவங்க.

எதிர்வீட்டுச் சுவரு

சிம்மக்கல்ல ஒரு மொத்தக்கடைக்காரர் கூப்பிட்டாரு. அவர் வீட்டு ஷெட்டுல காரை நிப்பாட்டினா இருபத்தஞ்சு அடியில எதிர்வீட்டுச் சுவரு. எனக்கு வேண்டியதும் அதுதான். லைட்டு இருக்கிற உசரத்தை அளந்து, அந்தச் சுவர்ல குறுக்கயும் நெடுக்கயும் டேப்பு ஒட்டினேன். டிம்மைப் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ரெண்டு இஞ்சு கீழ நிக்கணும். நின்னுச்சு. வேலை சுத்தம். டேப்பை உரிச்சேன் பாருங்க, சுவரோட பச்சைப் பெயிண்டும் சேர்ந்து வந்துருச்சு. ரெண்டு வீட்டுக்கும் பல வருசமாப் பேச்சு கிடையாதுங்கிறது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மறுமாசம் அந்த எதிர்வீட்டுக்காரரே தன் காருக்குப் பாண்டியைக் கூப்பிட்டிருக்காரு. அவன் பையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்தானாம். அதுல ஏற்கெனவே கோடு போட்டு வச்சிருக்கான். ரெண்டு கம்பியை நட்டு, நடுவுல கட்டி, வேலையை முடிச்சு, மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டான். இது எனக்கு எப்படித் தெரியும்ங்கிறீங்களா? அந்த மனுசன் கடை தேடி வந்து சொன்னாரு: "அவரு வந்ததும் தெரியலை, போனதும் தெரியலைப்பா. நீ வந்துட்டுப் போனதுக்கு என் சுவரே சாட்சி."

நானும் ஒரு வேட்டி

அன்னைக்குப் பூரா சோறு இறங்கலை. பொறாமைதான், வேற என்ன? பத்தொம்பது வருசமா அடுத்தவன் சுவத்துல டேப்பு ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சவனுக்கு, ஒரு வேட்டியைக் கட்டினாப் போதும்னு தோணலையே! ஞாயித்துக்கெழமை வீட்டம்மா கோயிலுக்குப் போன நேரம், பீரோவுல இருந்து நல்லதா ஒரு எட்டு முழத்தை உருவி, மார்க்கரால கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணல்தான். இருந்தாலும் காயட்டும்னு மொட்டை மாடிக் கொடியில போட்டுட்டு வந்துட்டேன்.

துணி எடுக்க மாடிக்குப் போனவ இறங்கி வந்து, அந்த வேட்டியை என் முன்னாடி விரிச்சுப் பிடிச்சா. நான் ஏதேதோ சொல்லிச் சமாளிச்சேன். முழுசாக் கேட்டா. அப்புறம் நிதானமாச் சொன்னா: "தீபாவளிக்கு என் தம்பி எடுத்துக் கொடுத்த வேட்டி இது. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கோடும் அவனே நேராப் போட்டுக் கொடுத்திருப்பான்."

டீச்சரம்மா திரும்பி வந்தாங்க

ஒத்தக்கடை பக்கம் ஒரு காலேஜ் டீச்சரம்மா. அவங்க முதல் கார் வாங்கின நாள்லருந்து என் கஸ்டமர். அவங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தக் காலேஜ்ல இருக்கிற அம்புட்டு வண்டியும் என் கடைக்குத்தான் வரும். ஒருநாள் நான் திருமங்கலத்துல கல்யாண வீட்டுல இருந்தப்ப, ஹெட்லைட்டு வைக்கணும்னு வீட்டுக்குப் போன் பண்ணியிருக்காங்க. எங்க வீட்டம்மா போனை எடுத்து, பெரிய மனசு பண்ணி, தம்பியை அனுப்பி வச்சிட்டா. அதுக்கப்புறம் டீச்சரம்மா போனே இல்லை. வண்டி போனாப் போகுது, ஆனா டீச்சரம்மாவே போயிட்டாங்கன்னா எனக்கு அப்புறம் என்ன மருவாதை?

ரெண்டு மாசம் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. வெளிச்சம் பம்பருக்கு முன்னாடியே விழுந்துருதாம், ரோடே தெரியலையாம். எனக்கு வந்த சந்தோசத்தை என்னன்னு சொல்ல! மாட்டினான் மாப்ளன்னு பைக்கை முறுக்கிக்கிட்டுப் போனேன். போட்டுப் பார்த்தா, நெசமாவே கீழதான் கிடக்கு. பானெட்டைத் தூக்கி, லைட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவைத் திருகித் திருகி ரெண்டு பக்கமும் ஏத்தி வச்சேன். எல்லாம் அரைகுறையாக் கத்துக்கிட்டு வந்து செய்யிற வேலைன்னு நாலு வார்த்தை வேற விட்டேன். டீச்சரம்மா சொன்னாங்க: "நல்லவேளை நீங்க வந்தீங்கண்ணே, இனிமே வேற ஆளைக் கூப்பிட மாட்டேன்."

சைபர்ல ஒரு திருகு

இந்தக் கார்கள்ல ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்னத் திருகு இருக்கும். பின்னாடி ஆளும் மூட்டையும் ஏறினா வண்டி மூக்கைத் தூக்கும்ல, அப்ப வெளிச்சத்தை இறக்கிக்கிறதுக்கு. அது சைபர்ல இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஸ்க்ரூவுல கை வைக்கணும். எங்க தொழில்ல அனா ஆவன்னா அது. அன்னைக்கு நான் பார்க்கலை. டீச்சரம்மா குடும்பத்தோட ஊருக்குப் போனப்ப வெளிச்சத்தை இறக்கி மூணுல வச்ச திருகு அப்படியே மூணுல கிடந்திருக்கு. பாண்டி வச்ச வெளிச்சத்துல ஒரு குத்தமும் இல்லை. என் பொறாமை கண்ணை மறைச்சிருச்சு.

நாலு நாள் கழிச்சு அவங்க வீட்டுக்காரர் திருகைப் பார்த்துட்டு, சைபருக்குத் திருப்பி வச்சிருக்காரு. அன்னைக்குச் சாயங்காலம் மேலூர் ரோட்டுல டீச்சரம்மா வண்டி வெளிச்சம் எதிர்ல வர்றவங்க மூஞ்சியிலயே அடிச்சிருக்கு. பைக்குல வந்த ஒருத்தர் கண்ணு கூசி மண்ணுல இறங்கி விழுந்துட்டாரு. முழங்கை சிராய்ப்போட போச்சு. டீச்சரம்மா பதறி எனக்கு அடிச்சிருக்காங்க, நான் எடுக்கலை. பாண்டியைக் கூப்பிட்டிருக்காங்க. அவன் வேட்டியோட போய்ச் சரி பண்ணிக் கொடுத்துட்டான்.

விசயம் தெரிஞ்சு மறுநாள் காலையில ஓடினேன். என் மேலதான் தப்புன்னு சொல்லிரணும்னுதான் போனேன், சத்தியமா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள டீச்சரம்மா எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நானும் திறந்த வாயை மூடிக்கிட்டேன். அவங்க சொன்னது இது: "மாமா சரியாத்தான் வச்சிருந்தாரு, வண்டி பள்ளத்துல இறங்கி அசைஞ்சிருக்கும்னு உங்க மச்சினன் சொன்னாருண்ணே. உங்களைக் கொஞ்சங்கூட விட்டுக் கொடுக்கலை. அந்தக் குணத்துக்காகவே எங்க காலேஜ் வண்டி எல்லாத்தையும் இனிமே அவர்கிட்டயே விட்டுறலாம்னு பேசி வச்சிருக்கோம்."

நம்ம தப்பைப் போட்டுக் கொடுக்கிறவனைக்கூட ஜென்மத்துக்கும் திட்டித் தீர்த்துக்கலாம், ஆனா நம்ம மானத்தைக் காப்பாத்திட்டு கஸ்டமரையும் கூட்டிக்கிட்டுப் போறவனை எந்த வாயால திட்டுறது, நீங்களே சொல்லுங்க.